திரையோரம் நின்றவர்கள்: இருபத்தோரு வயதுக் கிழவர்

1947 ஜனவரியில் வெளியானது ஏவி.எம்.மின் 'நாம் இருவர்'. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம். பாரதியார் பாடல்களுக்காகவும் குமாரி கமலாவின் நடனத்துக்காகவும் ஊர் ஊராகப் பேசப்பட்ட படம். அதில் கள்ளச்சந்தையில் கொழுத்த சண்முகம் பிள்ளைக்கு எப்படியும் அறுபது வயது இருக்கும். அந்த வேஷம் கட்டிய வி.கே.ராமசாமிக்கு அப்போது வயது 21. 1926இல் விருதுநகரில் பிறந்தவர்.

ப.நீலகண்டனின் 'தியாக உள்ளம்' நாடகத்தில் ஏற்கெனவே அவர் மேடையில் போட்ட வேஷம்தான் அது. மெய்யப்பச் செட்டியார் அந்த நாடகத்தைப் படமாக்கியபோது அதே ஆளையே நடிக்க வைத்தார். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர் ராமசாமி. அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் ராணி வேஷமும் தாத்தா வேஷமும் பையன்கள்தான் கட்டுவார்கள். நரை விக்கையும் ஒட்டு மீசையையும் யாருக்கு வேண்டுமானாலும் மாட்டிவிடலாம். குரலுக்கு எப்படி வயதேற்றுவது?

ராமசாமி ஏற்றினார். அவர் வசனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஒரு சொல்லைக் கனமாக எடுப்பார், நடுவில் இழுப்பார், முடிக்கும்போது லேசான சலிப்போடு கீழே விடுவார். வத்தல், பருப்பு, எண்ணெய் மண்டிகளால் வளர்ந்த ஊர் விருதுநகர். கல்லாவில் உட்கார்ந்து அவசரப்படாமல் விலை பேசும் பெரிய மனிதர்களின் பேச்சு அந்தப் பையன் காதில் ஏறியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பக்கத்துச் சிவகாசியின் லித்தோ அச்சகங்கள் எத்தனையோ சினிமா போஸ்டர்களை அடித்துத் தள்ளியிருக்கின்றன. அவற்றில் கதாநாயகன் முகம் பெரிதாக இருக்கும். ராமசாமி போன்றவர்களுக்கு ஒரு மூலை கிடைத்தாலே அதிகம். இது எனக்கு ஆறாத குறை. 'பட்டிக்காடா பட்டணமா'வில் (1972) ஜெயலலிதாவின் அப்பா அவர். 'மௌன ராக'த்தில் (1986) மோகனின் மேலதிகாரி. இரண்டிலிருந்தும் அவரை எடுத்துவிட்டுப் பாருங்கள், படம் சிரிப்பதை நிறுத்திவிடும்.

'ருத்ர தாண்டவம்' (1978) தனிக்கதை. அர்ச்சகராக நாகேஷ், அவர் எதிரில் சிவபெருமானாக ராமசாமி. 'திருவிளையாட'லில் சிவாஜி கர்ஜித்த சிவனைப் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு முன்னால், நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரக்கூடிய ஒரு சிவனை நிறுத்தினார். என்ன துணிச்சல்!

அந்தத் 'திருவிளையாட'லை எடுத்த ஏ.பி.நாகராஜன், ஐம்பதுகளில் ராமசாமியோடு சேர்ந்து படத் தயாரிப்பில் இறங்கியவர். 1957இல் அவர்கள் கொண்டுவந்த 'மக்களைப் பெற்ற மகராசி'யில் சிவாஜி பேசியது கொங்குத் தமிழ். விருதுநகர்க்காரர் ஒருவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சை நம்பிப் படத்தில் இறங்கிய கதையை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)