ஐ.ஐ.டி. கனவு: எந்தச் சாதிச் சான்றிதழ் செல்லும்?

பிளஸ் டூ படிக்கும் உங்கள் பிள்ளைக்கு ஐ.ஐ.டி.யில் சேர ஆசையா? ஜே.இ.இ. மெயின் தேர்வுக்குப் படிப்பதோடு சான்றிதழையும் இப்போதே கவனியுங்கள்.

தமிழக அரசின் 3.5 சதவீத முஸ்லிம் ஒதுக்கீட்டுக்கான பி.சி.எம். சான்றிதழ் அண்ணா பல்கலைக்கழகத்தில் செல்லும், ஐ.ஐ.டி.யில் செல்லாது. அங்கே இருப்பது 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீடு. மத்தியப் பட்டியலில் உள்ள லப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி முஸ்லிம்கள் 'கிரீமி லேயர் அல்லாதோர்' என்ற தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். சம்பளமும் விவசாய வருமானமும் இக்கணக்கில் சேராது. உயர் அரசுப் பதவியில் உள்ளோருக்குத் தனி விதி.

ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வுக்கு, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் வழங்கப்பட்ட சான்றிதழே ஏற்கப்படும். எனவே மார்ச்சிலேயே ஆவணங்களைத் திரட்டி, ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். உழைத்துப் பெற்ற மதிப்பெண் ஒரு காகிதத்தால் வீணாக வேண்டாம்.