அத்தையின் பங்கும் கணினியில் சட்டம் தேடுதலும்

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா, நல்லேப்பிள்ளி எங்கள் பூர்வீகம். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம், பண்டம் வாங்கப் பொள்ளாச்சி என்று வாழ்கிற எல்லையோர ஊர். நான் வளர்ந்ததும் இப்போது மூன்றாம் ஆண்டு சட்டம் படிப்பதும் மும்பையில். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் ஊரில் பிரிக்காத நிலம் கொஞ்சம் இருக்கும். "உங்கள் பெண் சட்டம் படிக்கிறாளே, கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்" என்று அப்பாவிடம் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கும், சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என்னிடம் முதலில் கேட்டவர் அத்தை. "ஏங் கண்ணு, தாத்தன் காட்டுல எனக்கும் பங்கு வருமா, வராதா?" அப்பாவின் மூத்த சகோதரி. 1984-இல் திருமணம். தாத்தா 2005 பிப்ரவரியில் காலமானார்; உயில் இல்லை, பாட்டி முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இருவர் மட்டுமே. நல்லேப்பிள்ளியில் தென்னந்தோப்பும் வயலும், எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் கொஞ்சம் மேட்டாங்காடும், எல்லாம் தாத்தாவின் தகப்பனார் வழி வந்தவை. அத்தைக்குப் பங்கு என்றால் அது அப்பாவின் கையிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே யாருக்கும் சாயாமல் தேட வேண்டியிருந்தது.

முதலில் சட்டத்தின் வாசகம். மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் மத்திய, மாநிலச் சட்டங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. கேரளத்தில் 1975-ஆம் ஆண்டு இந்துக் கூட்டுக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அன்றே பாகப்பிரிவினை நடந்துவிட்டதாகக் கருதி, கூட்டுச் சொத்து தனித்தனிப் பங்காகிவிடும் என்கிறது 4-ஆம் பிரிவு. அப்படிப் பார்த்தால் தாத்தாவுக்குப் பாதி, அப்பாவுக்குப் பாதி. தாத்தாவின் பாதியில் மட்டும் அத்தைக்குச் சரிபங்கு, அதாவது மொத்தத்தில் கால் பங்கு.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கதை வேறு. மகளுக்கும் பிறப்பால் உரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் அமலானது. ஆனால் அதற்கு முன் மணமான பெண்களை விலக்கி வைத்தது. அத்தை 1984. ஆக அங்கேயும் கால் பங்குதான்.

இங்கே நிறுத்தினால் இரண்டு பக்கமும் விடை தப்பு! இந்து வாரிசுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியது. 2005 செப்டம்பர் 9 முதல் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை. மணமானவர், ஆகாதவர் என்ற பேதம் அதில் இல்லை. ஆனால் தாத்தா அதற்கு ஏழு மாதம் முன்பே போய்விட்டாரே?

இந்தியன் கானூன் என்ற தளம் 2008 முதல் தீர்ப்புகளை இலவசமாகத் தேடித் தருகிறது. நம் பேச்சு வழக்கில் கேட்டால் சரியாக அகப்படாது. 'கோபார்சனர்', 'டாட்டர்', 'நோஷனல் பார்டிஷன்' என்று நீதிபதிகள் எழுதும் சொற்களை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிரகாஷ் எதிர் பூலாவதி. திருத்தம் வந்த நாளில் தகப்பனும் மகளும் உயிரோடு இருந்தால்தான் உரிமை என்கிறது. அத்தைக்கு இடி விழுந்த மாதிரி. ஆனால் ஒரு தீர்ப்பைப் படித்தால், அதைப் பின்னால் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது. அந்தத் தளத்திலேயே அதற்கு வசதி உண்டு. அதைத் தட்டினால் 2020 ஆகஸ்ட் 11, வினீதா சர்மா வழக்கு: மூன்று நீதிபதிகள், தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, 2015 தீர்ப்பை அந்த அளவில் தள்ளிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2023-இல் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளத்தில் அதிகாரபூர்வமான வாசகத்தை ஒப்பிட்டுக்கொண்டேன்.

மிச்சமிருந்தது கேரளச் சட்டம். 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி, அந்த 1975 சட்டத்தின் 3, 4 பிரிவுகள் மத்தியத் திருத்தத்தோடு முரண்படுவதால் செல்லாது. 2004 டிசம்பர் 20-க்குப் பிறகு காலமான இந்துவின் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். சட்டத்தின் வாசகத்தை மட்டும் படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. தனி நீதிபதியின் தீர்ப்பு என்பதால், மேல்முறையீடு உண்டா என்று உயர் நீதிமன்றத் தளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுமே என்பார்கள் கல்லூரி நண்பர்கள். கேட்கலாம். ஆனால் அது சொல்லும் வழக்கு உண்மையில் இருக்கிறதா என்று மூலத்தில் பார்த்தாக வேண்டும். 2023-இல் நியூயார்க்கில், இல்லாத வழக்குகளை இப்படி எடுத்துக் காட்டிய வக்கீல்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது.

ஒரு கட்டத்துக்கு மேல் கணினி உதவாது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்த பாகப்பத்திரமோ, கோர்ட் டிக்கிரியோ இருந்தால் புதிய உரிமை அதைத் தொடாது. அது இருக்கிறதா என்று ஊர்க் காகிதந்தான் சொல்லும். தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று, கேரளத்தில் குடிக்கடம் என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் வாங்கினோம். பாகப்பத்திரம் எதுவும் இல்லை.

அப்பாவிடம் விவரம் சொன்னேன். பாதி அத்தைக்கு என்றதும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கடைசித் தீர்ப்பு நகல் ஒண்ணு எடுத்துக் குடு, நானே படிக்கறேன்" என்றார். முழுவதும் படித்தார், படித்துவிட்டு ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னார்.

அத்தைக்குப் போனில் சொன்னபோது அவர் கேட்டது வேறொன்று: "அப்போ இத்தனை வருஷம் தேங்கா வித்த காசு, கண்ணு?" அதற்கான தீர்ப்புகளை இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.