ஹால்வாசி

எங்கள் வீட்டு ஹாலின் அளவு பத்துக்குப் பதினாறு. ஃப்ளாட் கட்டியவர் கொடுத்த பிளானில் 'லிவிங் கம் டைனிங்' என்று போட்டிருந்தது. அந்த 'கம்'முக்குப் பிறகு இன்னும் நாலைந்து 'கம்' சேர்த்திருக்கலாம். காலை ஆறு மணிக்கு அது மனைவியின் யோகா நிலையம். ஏழரைக்கு இஸ்திரிக் கடை. சாயந்திரம் பையனின் டியூஷன் சென்டர். ராத்திரி பத்தரைக்கு மேல் அப்பாவின் பெட்ரூம்.

கடைசி அயிட்டம்தான் கொஞ்சம் சிக்கல்.

கும்பகோணம் பக்கத்தில் தாத்தா வீட்டில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று வரிசையாக இருக்கும். வழிப்போக்கன் திண்ணையோடு சரி. கணக்குப்பிள்ளை ரேழி வரை. சம்பந்தி கூடம் வரை. (யார் எந்தப் படி வரை ஏறலாம் என்பதை ஜாதி தீர்மானித்தது. அதைச் சொல்லாமல் திண்ணையைப் புகழ்வது தப்பு.) தம்பதிகளுக்கென்று 'காமிரா உள்' என்று ஓர் இருட்டறை. போட்டோ எடுக்கிற காமிரா இல்லை சார், போர்த்துக்கீசிய மொழியில் அறைக்கு அந்தப் பெயர். அங்கிருந்து கடல் தாண்டி வந்த வார்த்தை.

பட்டணத்துக்கு வந்தபோது இத்தனையையும் மடித்து ஒரே ஹாலுக்குள் வைத்துவிட்டார்கள்.

நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். ஒரு ரூம், ஒரு சமையலறை. ஹால் என்பதை நான் முதலில் முழுசாகப் பார்த்தது வீட்டுக்காரர் போர்ஷனில்தான். 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் போட ஆரம்பித்தார்கள். எங்களுக்கு ஹிந்தி ஒரு அட்சரம் தெரியாது, கதை தெரியுமே! வாசலில் முப்பது ஜோடி செருப்பு. வீட்டுக்காரர் சோபாவில், நாங்கள் தரையில். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியுமுக்கும் இதே கூட்டம். அந்த அரை மணி நேரம் பாவம், வீட்டுக்கார மாமிக்குத் தன் புருஷனோடு சண்டை போடக்கூட இடம் கிடையாது.

எனக்கு 2004-ல் கல்யாணம் ஆனபோது நங்கநல்லூரில் ஒற்றை பெட்ரூம் வீடு. ரூம் எங்களுக்கு, ஹால் அப்பா அம்மாவுக்கு. பாத்ரூமோ ஹாலைத் தாண்டி. நடுராத்திரியில் கதவு 'கிரீச்'சென்றால் போதும், உடனே அப்பாவிடமிருந்து ஒரு குறட்டை வரும். உலகத்திலேயே நாகரிகமான பொய்க் குறட்டை அதுதான். கல்யாணமான நண்பர்கள் பலருக்கு இது புரியும்.

அப்புறம் லோன் போட்டு இந்த இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். 2019-ல் அம்மா போனதும், பேரனுக்குப் படிக்க ரூம் வேண்டும் என்று அப்பாவே தலையணையோடு ஹாலுக்கு வந்துவிட்டார். "எனக்கு இங்கதாண்டா காத்தோட்டம்" என்றார். சௌகரியமாக இருந்ததால் நானும் நம்பிவிட்டேன்.

மறுவருஷம் மார்ச்சில் ஊரடங்கு. என் ஆபீஸ் ஹாலுக்கு வந்துவிட்டது. "மீட்டிங் நடக்கறப்ப பின்னால குறுக்க வராதீங்கப்பா" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். ஒருநாள் நாற்பது நிமிஷ மீட்டிங் முடிந்து லேப்டாப்பை மூடுகிறேன், பாத்ரூம் கதவு இரண்டு அங்குலம் திறந்து, "முடிஞ்சுதா?" என்று குரல். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு அவ்வளவு நேரமும் உள்ளேயே நின்றிருக்கிறார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அவரும்தான்.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹாலில் குறட்டை இல்லை. அப்பா இருட்டில் சோபாவில் உட்கார்ந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். அதிலிருந்து அம்மாவின் குரல். "வரும்போது கருவேப்பிலை வாங்கிண்டு வாங்கோ. மறக்காதீங்கோ." வாட்ஸப்பில் எப்போதோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்.

என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்தார்.

"பகல்ல கேக்கலாமேப்பா..."

"பகல்ல எங்கடா? எல்லாரும் இருக்கேளே."

மனைவியிடம் சொன்னேன். பையனின் ரூமை அவருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "பிளஸ் டூ முடியட்டும். அதோட அங்க டிவி இல்லையே?" தச்சரை வரவழைத்து நடுவில் ஒரு மரத் தடுப்பு போடலாம் என்று அளந்து பார்த்தேன். தடுப்பு போட்டால் சோபா வெளியே போக வேண்டும்.

கடைசியில் மனைவிதான் வழி சொன்னாள். இப்போது தினம் ராத்திரி எட்டு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் 'வாக்கிங்' கிளம்பிவிடுகிறோம். டாக்டர் சொன்னதாக அப்பாவிடம் ஒரு பொய். முக்கால் மணி நேரம் ஹால் அவருக்கு. திரும்பி வந்ததும் கதவைத் திறக்கும் முன் பையன் படிக்கட்டிலேயே பலமாக இருமுவான்.

நேற்று நல்ல மழை. மூவரும் கீழே கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தோம். எதிர் ஃப்ளாட்காரர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "என்ன சார், சாவியை மறந்துட்டீங்களா?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.