வேலை தெரியும், லைசென்ஸ் இல்லை

ஹெல்பராகச் சேர்ந்து, சுவரில் காடி வெட்டி, பைப் புதைத்து, வயர் இழுத்து, முழு வீட்டுக்கும் வயரிங் முடிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ. படிக்காததால் லைசென்ஸ் கிடைக்காது என்றே அவர்களில் பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை.

வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இவர்களுக்காகவே இருக்கிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வரம்பு கிடையாது. வயரிங் தொழிலில் 5 ஆண்டுக்குக் குறையாத அனுபவம் வேண்டும். தேறினால் மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் ‘எச்’ சான்று பெறலாம். வயர்மேனுக்கு ‘பி’, சூப்பர்வைசருக்கு ‘சி’. தேர்வு அறிவிப்பை அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டறியலாம்.

சிக்கல் அந்த 5 ஆண்டில்தான். தினக்கூலிக்கு ஆள் மாறி ஆளிடம் வேலை பார்த்தவரின் உழைப்புக்கு எழுத்தில் சாட்சி இருப்பதில்லை. லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரரிடம் சேருங்கள். விலகும்போது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ன வேலை செய்தீர்கள் என்று கையெழுத்தும் உரிம எண்ணும் போட்டு வாங்கிவிடுங்கள். இது சலுகையல்ல, உங்கள் உழைப்பின் கணக்கு. பொய் அனுபவச் சான்றை விலைக்கு வாங்காதீர்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்ற விதியிலிருந்து பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவதற்கு விலக்கு உண்டு. புது வயரிங், கூடுதல் லைன், பழுதுபார்ப்பு ஆகியவற்றை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள். ஆனால் ஒருவர் வேலை செய்ய, இடத்தையே பார்க்காத இன்னொருவர் கையெழுத்து மட்டும் போடும் வழக்கம் இருக்கிறது. எர்த் இணைப்பு விட்டுப்போனாலும் லைட் எரியும், ஃபேன் சுற்றும்; கசிவு வரும் நாள்வரை குறை வெளியே தெரியாது. கையெழுத்துப் போடுபவர் நேரில் வந்து எர்த்தைச் சோதிக்கட்டும். கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தி, அதன் டெஸ்ட் பட்டனை உங்கள் முன்னாலேயே அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் காவல் நிலையத்தோடு நின்றுவிடாதீர்கள். மின்சாரச் சட்டம், 2003, பிரிவு 161-இன்கீழ் மின் ஆய்வாளர் விசாரிக்க முடியும். அவருக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்குங்கள். அறுந்த வயர், கருகிய பெட்டி எதையும் அவர் பார்க்கும்வரை அப்புறப்படுத்தாதீர்கள். இழப்பீடு கேட்கும் குடும்பத்துக்கு அவருடைய அறிக்கை பெரிய ஆதாரம்.