பந்தய எஞ்சினும் உருளைத் தூக்கியும்

அமெரிக்காவில் 'டிராக்' பந்தயம் என்றொரு விளையாட்டு உண்டு. இரண்டு மோட்டார் வண்டிகள் அருகருகே நின்று, விளக்கு எரிந்ததும் புறப்பட்டு, வளைவற்ற நேர்பாதையில் ஓடுவதே அது. பாதையின் நீளம் வழக்கமாகக் கால் மைல், அதாவது 1,320 அடி. மிக விரைவான இரு பிரிவுகளுக்கு 2008 முதல் 1,000 அடி. வாலி பார்க்ஸ் என்பார் 1951இல் கலிபோர்னியாவில் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவிய பின் இவ்விளையாட்டு ஒழுங்குபெற்று வளர்ந்தது. சில நொடிகளில் முடியும் இவ்வோட்டத்தில் பெரும்பாடு படும் சிறு உறுப்பொன்று எஞ்சினுள் உண்டு. அதுவே உருளைத் தூக்கி. பட்டறையில் அதனை 'ரோலர் லிப்டர்' என்பர்.

அதன் தொழில் யாது? கேம் தண்டு சுழலும்போது அதிலுள்ள புடைப்பு தூக்கியை மேலே தள்ளும். தூக்கி தள்ளுகோலையும், தள்ளுகோல் ராக்கர் என்னும் நெம்புகோலையும் அசைக்க, வால்வு திறக்கும். சுருள்வில் அதனைத் திரும்ப மூடும். பழைய வகைத் தூக்கியின் அடி தட்டையானது; புடைப்பின்மேல் உராய்வது. உருளைத் தூக்கியின் அடியிலோ சிறு சக்கரம் உண்டு. அஃது உராயாமல் உருளும். ஆகவே வால்வை விரைந்தும் உயர்த்தியும் திறக்கும் செங்குத்தான புடைப்புகளை அதனுடன் பயன்படுத்தலாம்.

அது தாங்கும் சுமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்திற்கு 8,000 முறை சுழன்றால், கேம் தண்டு 4,000 முறை சுழலும். ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஏறத்தாழ 67 முறை திறக்கும். திறந்த நிலையில் வில்லின் விசை 600 இராத்தல், ராக்கரின் விகிதம் 1.7 என்று கொண்டால், தூக்கியின்மேல் விழும் சுமை 1,020 இராத்தல். இதனை முக்கால் அங்குல அளவுள்ள சக்கரமும், அதன் அச்சைச் சூழ்ந்த ஊசி உருளைகளும் தாங்கவேண்டும். ஊசியொன்று உடைந்தால் இரும்புத் துணுக்குகள் எண்ணெயோடு கலந்து எஞ்சின் முழுவதையும் அழிக்கும். எண்ணெய் சிதறிச் சக்கரங்களின் கீழ் வழிந்தால் ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து.

இங்கே இரு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. தூக்கி கெடுவது உச்ச வேகத்தில்தான் என்பது ஒன்று. உண்மையில், வண்டி தன் முறைக்காக மெதுவாக உறுமிக்கொண்டு நிற்கும் நேரமும் கொடியதே. அப்போது சுழல்தண்டு வாரியிறைக்கும் எண்ணெய் குறைவு. ஊசிகள் வறண்டு தேயும். அங்கே தொடங்கிய கேடு ஓட்டத்தில் வெளிப்படும். வில் தளர்வாயிருந்தால் தூக்கிக்கு நல்லது என்பது மற்றொன்று. தளர்ந்த வில் சக்கரத்தைப் புடைப்போடு அணைத்து வைக்காது. சக்கரம் எழும்பி, மீண்டும் சம்மட்டிபோல் வந்து மோதும். எனவே போதிய வன்மையுள்ள வில்லே தூக்கியைக் காக்கும்.

இவற்றை அறிந்தால் தேர்வு எளிதாகும். முதலாவது, அச்சுக்கு நேரே அழுத்தத்துடன் எண்ணெய் செலுத்தும் துளையுள்ள தூக்கியே வேண்டும். இரண்டாவது, இடம் தருமளவு பெரிய சக்கரம் நன்று. பெரிய சக்கரம் மெதுவாகச் சுழலும், பக்கவாட்டு அழுத்தமும் குறையும். செவர்லே வி-8 எஞ்சினில் தூக்கியின் உடல் விட்டம் 0.842 அங்குலம், பெரிய சக்கரம் வேண்டுவோர் துளையை அகலமாக்கிப் பெரிய தூக்கியைப் பொருத்துவர். மூன்றாவது, ஊசிகளுக்குப் பதிலாக வெண்கலப் புஷ் அமைந்த வகையும் உண்டு. அதில் உடைந்து விழ ஊசியில்லை. அதிர்ச்சியையும் நன்கு தாங்கும். ஆனால் தூய எண்ணெய் இடையறாது கிடைத்தாலன்றி அது நிலைக்காது. நான்காவது, உள்ளே எண்ணெய் நிரம்பித் தானே இடைவெளியைச் சரிசெய்யும் வகை, கடும் வில்லின் கீழ் அமுங்கிவிடக்கூடும். ஆதலின் கடும் பந்தயத்திற்குத் திண்ம வகையே ஏற்றது.

வாங்கியதோடு கடமை முடிவதில்லை. ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியை அளவுத் தகட்டால் அடிக்கடி சோதித்துக் குறித்துவைத்தல் வேண்டும். ஒரு வால்வில் மட்டும் அது திடீரெனப் பெருகினால், இடைவெளியைத் திருத்திவிட்டு மீண்டும் ஓட்டுவது பேதைமை. அந்தத் தூக்கியைக் கழற்றிப் பார்ப்பதே அறிவுடைமை. கேடு வருமுன் எஞ்சின் தரும் எச்சரிக்கை பெரும்பாலும் அந்த நூலிழை இடைவெளியில்தான் இருக்கிறது.