குழந்தையின் உடலும் பெற்றோரின் சம்மதமும்

ஆண், பெண் என்று தெளிவாக வகுக்க இயலாத உடலமைப்போடு சில குழந்தைகள் பிறப்பதுண்டு. இவர்களை இடைப்பாலினக் குழந்தைகள் என்பர். இவர்களுடைய உறுப்புகளை ஏதேனும் ஒரு பாலுக்கு ஏற்ப மாற்றியமைக்கும் அறுவைச் சிகிச்சையை, தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் ஓர் அரசாணையால் தடை செய்தது. மால்டா நாடு 2015-இல் இத்தகைய சட்டம் இயற்றியிருந்தது. இந்திய மாநிலங்களுள் முதலில் தடை விதித்தது தமிழ்நாடே.

இவ்வாணைக்கு வழிவகுத்தது ஒரு திருமண வழக்காகும். தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் 2018-இல் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய அலுவலர் மறுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 22-4-2019 அன்று அளித்த தீர்ப்பு, திருமணத்தைப் பதியுமாறு பணித்தது. அத்துடன் இக்குழந்தைகளின் பாதுகாப்புக்காக ஆணை பிறப்பிக்குமாறும் அரசைப் பணித்தது. பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்பதே அதன் அடிப்படை. தன் பாலை உணர்ந்து உரைக்கும் உரிமை அவரவர்க்கே உரியது என உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியதை இது பின்பற்றியது.

இங்கு இரண்டு செய்திகளை வேறுபடுத்திக் காணவேண்டும். முதலாவது, உயிருக்கு ஆபத்தான நிலையில் அறுவைக்குத் தடையில்லை. மருந்துக்கோ ஒருபோதும் தடையில்லை. இக்குழந்தைகளுள் சிலருக்கு அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டால் பிறந்த சில வாரங்களிலேயே உடலில் உப்புக் குறைந்து, வாந்தியும் சோர்வும் கண்டு, உயிரே போகக்கூடும். அவர்களை உடனே மருத்துவமனை சேர்ப்பது கடமை. இரண்டாவது, திருநர் இளைஞர் தாமே வேண்டும் சிகிச்சை வேறு. பேசவறியாக் குழந்தைக்குப் பிறர் செய்விக்கும் அறுவை வேறு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டம் முன்னதைத் தடுக்க முற்பட்டது, பின்னதற்கோ விலக்களித்தது. தமிழ்நாட்டின் ஆணை குழந்தைக்காகக் காத்திருக்கச் சொல்கிறது.

காத்திருப்பது எளிதன்று. திருவிடைமருதூர் வட்டத்துச் சிற்றூர்களில் குழந்தை பிறந்ததும் எழும் முதல் கேள்வி "ஆணா, பெண்ணா?" என்பதே. விடை கூற இயலாத தாய், நடவுக்குச் செல்லும் வரப்பிலும் தெருக்குழாயடியிலும் அக்கேள்வியைச் சந்தித்தாக வேண்டும். கும்பகோணம் அரசு மருத்துவமனையும் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உடலைப் பேணலாம். ஊராரின் பேச்சிலிருந்து அக்குடும்பத்தைக் காக்க அவற்றால் இயலாது. அவமானத்துக்கு அஞ்சியே பெற்றோர் பலர் அறுவையை நாடுகின்றனர். ஆகவே அவமானம் நீங்காதவரை ஆணை ஏட்டளவில் நின்றுவிடும்.

இவ்விடத்தில் ஆயரின் பணி தொடங்குகிறது. தாயின் வயிற்றிலிருந்தே அவ்வாறு பிறந்தவர்கள் உண்டென மத்தேயு 19:12-இல் ஆண்டவர் கூறுகிறார். அதனை எவருடைய பாவத்தோடும் அவர் இணைக்கவில்லை. ஏசாயா 56-ஆம் அதிகாரம் அண்ணகருக்குத் தேவனுடைய ஆலயத்தில் இடமும் பெயரும் வாக்களிக்கிறது. அவ்வாறாயின், ஞானஸ்நானத்திற்குக் கொண்டுவரப்படும் குழந்தையின் பாலை முடிவு செய்த பின்னரே பெயரிட வேண்டுமென்னும் நியதி நமக்கு எங்கிருந்து வந்தது? இரகசியம் காத்து, வீடு சென்று, பெற்றோரோடு பொறுத்திருக்கும் ஆயரே அவ்வாணைக்கு ஊரில் உயிர் தருபவர்.