ஜாமீன் கிடைத்தது, ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை

ஹெப்பகோடியில் குடியேறி எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரப்பன அக்ரகாரச் சிறையின் பெயர், 2014-ல் ஜெயலலிதா அங்கு அடைக்கப்பட்டபோது நம்மவர் எல்லோருக்கும் பழகிப்போயிற்று. சென்ற ஆண்டு அதன் வாசலில் நானே நிற்க நேர்ந்தது.

எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த தர்மபுரிப் பையன். லோடு ஏற்றும் வேலை. ஒரு திருட்டு வழக்கில் பிடித்துப் போனார்கள். செய்தானா இல்லையா என்பது வழக்கு முடிந்தால்தான் தெரியும். மூன்றாவது வாரமே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் ஜாமீன்தாரர் கர்நாடகத்தில் சொத்துள்ளவராக இருக்க வேண்டுமாம். பையனின் தாயார் ஊரிலிருந்து பட்டா, சிட்டாவை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏங்கண்ணா, இதுவும் நிலந்தானே? செல்லாதுன்னுட்டாங்களே" என்றார். நானே வாடகை வீட்டுக்காரன், என்ன பதில் சொல்வது? நான்கு மாதம் ஓடிற்று.

பிறகுதான் ஒரு வக்கீல் நண்பரிடம் போனேன். (முன்பே போயிருக்க வேண்டும்.) 1978-லேயே இதே சிக்கல் உச்சநீதிமன்றம் வரை போயிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதிராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். சகோதரர் முன்வந்தும், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் என்று மறுத்தார்கள். தூரத்து ஊரில் கைதாகும் ஒரு தமிழரோ கன்னடரோ மலையாளியோ அங்கே ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்ட நீதிபதி கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் விடச் சொன்னார்.

2023 ஜனவரி 31-ல் உச்சநீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஜாமீன் கிடைத்து 7 நாளில் விடுதலையாகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமானால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம், உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்த வேண்டாம்.

2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். சிறைகளின் மொத்த இடவசதியே 4,36,266 தான்!

2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முன்பு தண்டனை பெறாதவர் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்கச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், பல வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

காவலில் இருப்பவர் யாராயினும், வருமானம் பாராமல், இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம். நாங்களும் அப்படித்தான் மனுப் போட்டோம். சொந்த ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா தவறாமல் போய் வருகிறான்.